‘கவனக்குறைவு’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

குடோன்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கும், அந்த வண்டிகளுக்கு நடுவே நடந்து சரக்கு எடுக்கிறவர்களுக்கும், கன்டெய்னரிலிருந்து பெட்டி இறக்குகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மப்பேடு, செங்குன்றம், பெரியபாளையம், மாதவரம், மணலி, ஓசூர், சூலூர் என்று தகரக் கூரை எழும்பிய இடமெல்லாம் நம் ஆட்கள் இருக்கிறார்கள். நாற்பது அடி உயர ரேக்குகளுக்குக் கீழே எறும்பைப்போல ஊர்ந்துகொண்டிருக்கிறோம். இந்த நிமிஷமும் எங்கோ ஒரு சந்தில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. அதே சந்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கேனரில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் பதினான்கு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அந்த வாரம் சரக்கு மலையாகக் குவிந்தது. ரேக்கில் இடமில்லை. நடப்பதற்காகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள் பேலட்டுகளை இறக்கி வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். நடக்கிறவர்களுக்கு வழி இல்லாமல் போனது. அவர்கள் வண்டி ஓடும் பாதைக்கு வந்தார்கள். இரவு ஷிஃப்டின் எட்டாவது மணி நேரம். பேலட்டை எடுத்துக்கொண்டு இடதுபக்கம் திரும்பினேன். முன்னால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்டியின் வால் வலதுபக்கம் வீசியது. அங்கே ஒடிசா கஞ்சம் மாவட்டத்துப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பின் சக்கரம் அவன் காலில் ஏறியது. எங்களுக்கு முனை இரும்பு வைத்த ஷூ கொடுத்திருந்தார்கள். அவன் கான்ட்ராக்ட். ரப்பர் செருப்புப் போட்டிருந்தான். மூன்று விரல்கள் போயின.

மறுநாள் ஒரு தாள் வந்தது. “பாதசாரியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து” என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கோட்டுக்குள் பேலட் வைக்கச் சொன்னது அதில் இல்லை. ஷூ இல்லை. எட்டாவது மணி நேரம் இல்லை. சாட்சி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. குடும்பம், கடன், குழந்தை எல்லாம் கண்முன் வந்து நின்றன. கையெழுத்துப் போட்டேன். கான்ட்ராக்டர் கொஞ்சம் பணம் கையில் திணித்து அந்தப் பையனை ரயிலேற்றிவிட்டார். ஊருக்குப் போய் அவன் என்ன வேலை செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளில் என் கையெழுத்து இன்னும் இருக்கிறது.

அதனால்தான் எழுதுகிறேன். அந்தத் தாள் உங்கள் முன்னாலும் ஒருநாள் வரும்.

தோழர்களே, நாம் எதை ஓட்டுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்வோம். இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடை மூன்றரை முதல் நான்கு டன். ஒரு சின்னக் கார் முக்கால் டன்தான். ஐந்து கார்களை ஒன்றாகக் கட்டியது போன்ற எடையை ஆள் நடக்கும் சந்தில் ஓட்டுகிறோம். ஏன் இவ்வளவு எடை? பூங்காவில் குழந்தைகள் ஏறி ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுதான் அதன் நடுக்கட்டை. ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் பின்னால் வைத்திருக்கும் இரும்புப் பாளம். சரக்கு, அதைத் தாங்கும் முள்ளின் நுனிக்குத் தள்ளிப் போகப்போக, அதே எடை அதிக எடையாகிவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளின் தகட்டில் எழுதியிருக்கும் 2,500 கிலோ என்பது, சரக்கின் நடு முள்ளின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருக்கும்போதுதான். நீளமான பெட்டி வந்தால் கணக்கு மாறும். இதை உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்னொன்று. இந்த வண்டிக்கு நாலு சக்கரம் இருந்தாலும் ஆட்டோவைப்போல மூன்று புள்ளியில்தான் நிற்கிறது. பின் அச்சு நடுவில் ஒரு ஆணியில் ஆடும். ஆட்டோவின் ஒற்றைச் சக்கரம் முன்னால், நமக்கு அந்த ஒற்றைப் புள்ளி பின்னால். அந்த முக்கோணத்துக்குள் எடை நிற்கிறவரை வண்டி நிற்கும். சரக்கை மேலே தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் எடை முக்கோணத்துக்கு வெளியே விழுந்துவிடும். வண்டி சாயும். சாயும்போது மனசு “குதி” என்று சொல்லும். குதிக்காதீர்கள். குதித்தவர் மேல்தான் தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கூண்டு வந்து விழுகிறது. பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும், காலை ஊன்றிக்கொண்டு வண்டி சாயும் திசைக்கு எதிர்த்திசையில் உடம்பைச் சாய்க்க வேண்டும். உயிரைக் காக்கும் இந்த நான்கு விஷயம் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். பதினான்கு வருஷத்தில் எனக்கு யாரும் அந்த ஐந்து நிமிஷம் ஒதுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

“ஹெவி லைசென்ஸ் இருக்கா? சரி, ஏறு” என்பதுதான் நம் பக்கத்துப் பயிற்சி. லாரி ஓட்டிய கை முன் சக்கரத்தால் திரும்பிப் பழகியது. ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்தால் திரும்புகிறது. முன்னால் கொஞ்சம் அசைந்தாலும் பின்னால் வால் அகலமாக வீசும். பழைய ஆபரேட்டர் அரைநாள் பக்கத்தில் நின்று காட்டுவார். மறுநாள் புதியவர் ஆள் நடமாடும் சந்துக்குள் தனியாக ஓட்டுவார். ஜப்பானில் ஒரு டன்னும் அதற்கு மேலும் தூக்கும் வண்டியை ஓட்ட, கார் லைசென்ஸ்கூட இல்லாதவர் 35 மணி நேரப் பயிற்சியை முடித்துத் தேற வேண்டும். அமெரிக்காவில் 1999 முதல் முதலாளி ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவர் ஓட்டுவதை நேரில் மதிப்பிட வேண்டும். அப்படிச் சட்டம் வைத்திருக்கும் நாட்டிலேயே 2022ஆம் ஆண்டில் மட்டும் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பான வேலைச் சாவுகள் 73.

அங்கே எண்ணுகிறார்கள். இங்கே நம்மை எண்ணுவதுகூட இல்லை. பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,109 தொழிலாளர்கள் விபத்தில் இறந்ததாக மத்திய அரசின் தொழிற்சாலை ஆலோசனைத் துறை தொகுத்த கணக்கு சொல்கிறது. நாளொன்றுக்கு மூன்று பேர். இது தொழிற்சாலைக் கணக்கு. குடோனோ, சட்டத்தின் கண்ணில் வெறும் சரக்கறை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் எழுதப்பட்டது. அதில் ‘கடை’ என்பதற்குள்தான் குடோனும் அடங்குகிறது. மளிகைக் கடையின் பின்கட்டு அறையை நினைத்து எழுதிய சட்டம் அது. இன்று அந்த ‘பின்கட்டு’ நான்கு கிரிக்கெட் மைதான அகலத்தில் நிற்கிறது. உள்ளே முப்பது வண்டிகள் ஓடுகின்றன. 1948 தொழிற்சாலைகள் சட்டம் தூக்கு இயந்திரங்களை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொன்னது. அது வரிசைப்படுத்திய இயந்திரங்களில் கிரேன் இருந்தது, கப்பி இருந்தது, வின்ச் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் என்ற பெயர் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நம் சங்கங்கள் எதிர்த்த சட்டங்கள் அவை. எதிர்ப்பு இன்றும் சரிதான். முன்பு இருபது கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் இருந்தாலே பாதுகாத்த சட்டம், இப்போது ஐம்பது பேர் இருந்தால்தான் என்று வரம்பை உயர்த்தியிருக்கிறது. நம் குடோன்களில் ஒரே கூரைக்குக் கீழ் நான்கு கான்ட்ராக்டர்கள் நாற்பது நாற்பது பேராக ஆள் வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்ற வரம்பும் தொழிற்சாலைக்கும் கட்டடப் பணிக்கும் சுரங்கத்துக்கும்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் கையில் கிடைத்த ஒரு கம்பை விட்டுவிடக் கூடாது. அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 14ஆம் பிரிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து வரும் என்று நியாயமான அச்சம் இருந்தால், முதலாளியிடம் சொல்லவும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடம் சொல்லவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்கிறது அது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் இது பொருந்தும். குடோனுக்கும்தான். பாதுகாப்புக் குழு அமைக்கும்படி எந்த வகை நிறுவனத்துக்கும் அரசு உத்தரவிடலாம் என்றும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. அந்த உத்தரவைக் குடோன்களுக்குப் போடு என்று தமிழக அரசைக் கேட்பது நம் முதல் கோரிக்கை.

“கேட்டால் கிடைக்குமா” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்த பெண்கள், உட்கார ஒரு நாற்காலி கேட்டுப் போராடினார்கள். சிரித்தவர்கள் உண்டு. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. கடைத் தொழிலாளி உட்காரும் உரிமை நம் சட்டத்தில் ஏறியது. 2024இல் ஸ்ரீபெரும்புதூரில் சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. நம் குடோன்களிலிருந்து பஸ் போகும் தூரத்தில் நடந்தது அது.

இப்போது வேகத்தைப் பற்றி. மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் குறைவுதானே என்று தோன்றும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த மூன்று மீட்டர் போய்விடும். நின்றுகொண்டிருப்பவர் இரண்டு மீட்டரில் இருந்தால், பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அதிலும் சரக்கோடு சடாரென்று பிடித்தால் பேலட் முள்ளிலிருந்து வழுக்கி அவர் மேலேயே விழும். இதெல்லாம் சூப்பர்வைசருக்குத் தெரியாதா? தெரியும். அவர் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்குகிறது. மணிக்கு எத்தனை பேலட் என்று அதில் சிவப்பு எண் ஓடுகிறது. ஹரியானா மானேசரில் ஒரு பன்னாட்டு இணைய வணிக நிறுவனத்தின் கிடங்கில், ஆறு லாரிச் சரக்கு இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் போவதில்லை என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. 2024 ஜூனில் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்து அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சிறுநீர் போகவே நேரம் தராத இடத்தில், முனையில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துத் திரும்ப யார் நேரம் தருவார்கள்? ஆபரேட்டரின் காலை ஆக்ஸிலரேட்டரில் அழுத்துவது அந்தச் சிவப்பு எண். ஆள் அடிபட்டதும் எண் ஒளிந்துகொள்கிறது, ஆபரேட்டர் முன்னால் நிறுத்தப்படுகிறார்.

நம் பக்கத் தவறுகளையும் நாமே பேசிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் அதைச் சொல்லிக்காட்ட விடக் கூடாது. மேல் தட்டில் இருக்கும் ஒரு பெட்டிக்காகக் கூட்டாளியை வெறும் பேலட்டில் ஏற்றித் தூக்குகிறோம். அவர் விழுந்தால் பிடிக்க ஒன்றுமில்லை. இனி ஒருவரும் ஏற வேண்டாம், ஒருவரும் தூக்க வேண்டாம். சரக்கு கண்ணை மறைத்தால் பின்பக்கமாக ஓட்ட வேண்டும். சரிவில் சரக்கு எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஓடும்போது முள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. இவை நமக்கே தெரியும், அவசரத்தில் விட்டுவிடுகிறோம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த அன்பு எனக்கும் உண்டு. சோறு போட்ட வண்டி அது. அந்த அன்போடுதான் கேட்கிறேன், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் பிரேக், ஹாரன், சங்கிலி, முள், டயர், எண்ணெய்க் கசிவு பார்ப்போம். பிரேக் பிடிக்காத வண்டியின் சாவியைச் சூப்பர்வைசர் கையில் திருப்பிக் கொடுப்போம். எழுத்தில் கொடுப்போம்.

ரேக்கின் கால்களையும் பாருங்கள். ஒரு கால் வளைந்திருந்தால் அது சின்ன விஷயமில்லை. 2016இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பாலாடைக்கட்டி வைத்திருந்த ஒரு கிடங்கில் ரேக்குகள் வரிசையாகச் சரிந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் சரக்குக் குவியலுக்கு அடியில் பல மணி நேரம் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டார். கூண்டு காப்பாற்றியது. நம் ரேக்குகளுக்கு இடையில் நடப்பவருக்குக் கூண்டு கிடையாது.

லாரி வாசலில் நிற்கும் லோடுமேன் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி லாரிக்குள் இருக்கும்போதே லாரி நகர்ந்து, இடைவெளியில் விழுந்தவர்கள் உண்டு. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, லாரியின் சாவி உள்ளே வந்த பிறகுதான் இறக்கத் தொடங்குங்கள். லாரி டிரைவரும் தொழிலாளிதான். கோபித்துக்கொள்ள மாட்டார், காரணத்தைச் சொல்லுங்கள்.

வட மாநிலத் தோழர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த அறைகூவல் பாதிதான். நம் குடோன்களில் ஆபத்தான மூலைகளில் நிற்பவர்கள் அவர்கள். எச்சரிக்கைப் பலகைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கின்றன. அந்தக் கஞ்சம் பையனுக்கு ஒடியா மட்டும்தான் வாசிக்கத் தெரியும். “வண்டி வருது, தள்ளு” என்று நான் கத்தியது அவன் காதில் வெறும் சத்தமாகத்தான் விழுந்திருக்கும். “வடக்கத்தியான்” என்று பேசுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அவனுக்கு ஷூ கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு உங்கள் சம்பளத்தில் ஏறியதா? ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம் தெரிந்த ஒரு தோழரையாவது நம் குழுவில் சேருங்கள். பலகைகளை அந்த மொழிகளிலும் எழுதச் சொல்லுங்கள். நிரந்தரம் போடும் அதே ஷூவைக் கான்ட்ராக்டும் போட வேண்டும். அதுவரை நாமும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ஒன்றுதான். வண்டிப் பாதையும் நடைபாதையும் தனித்தனியாக இருக்க வேண்டும். பெயிண்ட் கோடு போதாது. பெயிண்ட் எந்த வண்டியையும் நிறுத்தியதில்லை. இடுப்புயர இரும்புத் தடுப்பு வேண்டும். தடுப்பு வைக்க இடமில்லாத சந்தில், வண்டி உள்ளே இருந்தால் ஆள் உள்ளே வரக் கூடாது, ஆள் இருந்தால் வண்டி வரக் கூடாது. முனைகளில் குவிந்த கண்ணாடி, வேகத்தைக் கட்டும் கருவி, பின்பக்க அலாரம், பயிற்சி, அதற்கான சான்றிதழ் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நிர்வாகம் பேச்சுவார்த்தையில் கண்ணாடியும் அலாரமும் தந்துவிட்டுப் பாதையைப் பிரிக்காமல் தப்பிக்கப் பார்க்கும். அலாரம் வந்தால், வழியிலிருந்து விலகும் பொறுப்பு நடப்பவர் தலையில் விழுந்துவிடும். பிறகு அதே தாள், அதே ‘கவனக்குறைவு’. பாதையைப் பிரித்தால் அந்தச் சொல்லுக்கே இடமில்லை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆள் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முதலில் சிகிச்சை. அடுத்து, வண்டியை நகர்த்தும் முன் போனில் படம் எடுங்கள்: கோடு, பேலட், வெளிச்சம், காலில் இருந்தது ஷூவா செருப்பா எல்லாம் தெரியட்டும். ஈ.எஸ்.ஐ. விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதச் சொல்லுங்கள். அறிக்கை தாமதமில்லாமல் போக வேண்டும் என்பது விதி. பதிவு இருந்தால்தான் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால் மாதாமாதம் உதவித்தொகை வரும். அந்தப் பையனுக்கு இது எல்லாமே கிடைத்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் கையில் திணித்த நோட்டுகள் ஒரு பதிவேட்டை மூடுவதற்கான விலை. அது அன்று எனக்குப் புரியவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்குத் தாள் வந்தால், உங்கள் கையெழுத்துக்கு மேலே கண்டதை எழுதுங்கள். “நடைபாதையில் பேலட் இருந்தது” என்று ஒரு வரி போதும். எழுத விடாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாக மறுத்தால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது. அதனால் தனியாக மறுக்க வேண்டாம். ஷிஃப்டில் உள்ள எல்லா ஆபரேட்டர்களும், சரக்கு எடுக்கும் எல்லாப் பிக்கர்களும், எல்லா லோடுமேன்களும் ஒரே வரியை எழுதுங்கள்.

ஏப்ரல் 28 உலகம் முழுக்க வேலையில் இறந்த தொழிலாளர்களை நினைக்கும் நாள். அன்று அவரவர் குடோன் வாசலில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், பத்து நிமிஷம் கூடுங்கள். உங்கள் குடோனில் அடிபட்டவர்களைப் பற்றி, இதுவரை எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவர்களைப் பற்றி, உரக்கப் பேசுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று ராத்திரி ஷிஃப்ட் பத்து மணிக்குத் தொடங்குகிறது. வண்டியில் ஏறும் முன் மஞ்சள் கோட்டைப் பாருங்கள், தோழர்களே. அதற்குள் ஒரு பேலட் நின்றாலும் அது அகலும்வரை சாவியைத் திருகாதீர்கள்.